3.5 ஜிகாஹெர்ட்ஸைக் கொடுத்துவிட்டு 2.5 ஜிகாஹெர்ட்ஸ் வாங்குவதா? கடைக்குப் பிராசஸர் யோசனை சொல்லுங்கள்

பிளெக்ஸ்கடை_காவேரி
பிப்ரவரி 4, இரவு 9.42

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் பிளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறேன். பேனர், கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு போஸ்டர் எல்லாம் செய்வோம். இரண்டு வருடமாக வீடியோ எடிட்டிங்கும் சேர்ந்துகொண்டது. தை பிறந்துவிட்டால் எருது விடும் விழா ஒன்று விடாமல் தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவன் எடுத்து வருவதை வெட்டி ஒட்டுவது என் தலையில்.

கடையில் இருப்பது ஐ3-4150. 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2015இல் வாங்கியது. பெட்டியில் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது, 11 இதில் ஏறாது என்கிறது. மாற்றியே ஆக வேண்டும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போன வாரம் விசாரித்தேன். ஒரு கடைக்காரர் ஐ5-12400 எடுங்கள் என்றார். அதில் பார்த்தால் 2.5 ஜிகாஹெர்ட்ஸ்! பத்து வருடம் கழித்துக் காசு கொடுத்து ஒரு ஜிகாஹெர்ட்ஸ் குறைவாக வாங்குவேனா? பக்கத்துக் கடைக்காரர், ‘வேகத்தைப் பார்க்காதீங்க, கோரைப் பாருங்க, 8 கோர் ரைசன் எடுங்க’ என்றார். ஒரே சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிராசஸர்தான் கோராம். இங்கே ஊரில் சர்வீஸ் பார்க்கும் பையனோ, ‘அண்ணா, உங்கள் சிபியு 25 சதவீதம்தான் ஓடுகிறது, பிராசஸர் பிரச்சினையே இல்லை’ என்கிறான்.

மூன்று பேர், மூன்று பதில். பட்ஜெட் 45,000. கேபினெட்டும் மானிட்டரும் இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எட்டுக்கோர்
பிப்ரவரி 4, இரவு 9.50

யோசிக்கவே வேண்டாம் அண்ணா. 8 கோர், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பிடிப்பதால் 16 த்ரெட். இன்னும் ஐந்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். 6 கோர் எல்லாம் போன வருடத்துக் கதை.


பழைய_பென்டியம்
பிப்ரவரி 4, இரவு 10.15

ஜிகாஹெர்ட்ஸ் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தவன் நான்.

2005இல் தருமபுரி நான்கு ரோடு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். வாசல் போர்டிலேயே ‘பென்டியம் 4, 3.0 ஜிகாஹெர்ட்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர்கள் உண்டு. பிரெஸ்காட் வகைச் சில்லு அது. சித்திரை மாதம் ஆறு கம்ப்யூட்டர் ஓடும் அறைக்குள் உட்கார்ந்தால் செங்கல் சூளைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதற்காகவே ஒரு கட்டளையை 31 படிகளாக நறுக்கி வைத்திருந்தார்கள். படி சின்னதாக இருந்தால் துடிப்பை, அதாவது ஜிகாஹெர்ட்ஸை, கூட்டலாம். ஆனால் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று சில்லு போட்ட கணிப்பு தப்பினால், வந்த படியெல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2004 அக்டோபரில் அதை இன்டெல் கைவிட்டது. 3.8இல் நின்றுபோனது.

2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது. மறு வருடம் ஒன்று வாங்கினேன், 1.86 ஜிகாஹெர்ட்ஸ். ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால் அந்த 3.0 பக்கத்தில் நிற்கவில்லை. சூடும் பாதி. கடைசியில் வாசல் போர்டில் ஜிகாஹெர்ட்ஸை அழித்துவிட்டு ‘டுவோ’ என்று மட்டும் எழுதினேன்.

இன்டெல்லின் போட்டியாளர், ரைசன் செய்யும் ஏஎம்டியும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். 2013இல் எஃப்எக்ஸ்-9590 என்று ஒன்று, 5 ஜிகாஹெர்ட்ஸ், 220 வாட். அந்த வருடத்து 84 வாட் ஐ7-4770கே பல வேலைகளில் அதை முந்தியது.


தொப்பூர்_மேடு
பிப்ரவரி 4, இரவு 11.05

பென்டியம் சார் சொன்னதை இந்தக் காலச் சில்லுக்குப் பொருத்திச் சொல்கிறேன். தருமபுரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், வாரத்துக்கு இரண்டு பேராவது இதையே கேட்கிறார்கள்.

பாலக்கோடு தக்காளி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு லோடு ஏற்றுகிறார்கள். ஒரு ஆள் நிமிடத்துக்கு எத்தனை நடை நடக்கிறார் என்பது ஜிகாஹெர்ட்ஸ். ஒரு நடைக்கு எத்தனை கூடை தூக்குகிறார் என்பது பெட்டியில் எழுதாத கணக்கு. எத்தனை ஆள் என்பது கோர். நீங்கள் நடையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் 4150 ஹாஸ்வெல் வகை. ஒரு துடிப்பில் 4 கட்டளை வரைக்கும் பிரித்து உள்ளே அனுப்பும். 12400இல் இருக்கும் கோல்டன் கோவ் கோர் 6 வரை அனுப்பும். ஒரு கட்டளை டேட்டாவுக்காகக் காத்திருக்கும்போது, பின்னால் நிற்பதில் முடிகிறதை முடிப்போம் என்று வரிசையில் வைத்துக்கொள்ள ஹாஸ்வெல்லுக்கு 192 இடம், இதற்கு 512. சில்லுக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் 3 எம்பி எங்கே, 18 எம்பி எங்கே. கூடை எண்ணிக்கையே வேறு.

அப்புறம் அந்த 2.5. அது கீழ் வரம்பு. எல்லாக் கோரையும் முழுதாக ஓட்டினாலும் 65 வாட்டுக்குள் இதற்குக் கீழே போகாது என்று இன்டெல் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம். ஒரு கோர் மட்டும் ஓடினால் 4.4, ஆறும் சேர்ந்து ஓடினால் 4.0 வரை போகும். உங்கள் ஐ3க்கு இப்படி ஏறும் டர்போவே கிடையாது. 3.5 என்றால் எப்போதும் அதிகபட்சம் 3.5தான். ஆக நடையிலும் நீங்கள் இழப்பது ஒன்றும் இல்லை.

6 கோரா 8 கோரா என்பதற்கு இப்போதே பதில் சொல்ல மாட்டேன். எந்த வேலையில் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் சொன்னால், நானும் அந்த எஸ்.பி. ரோட்டுக்காரர்தான்.


பிளெக்ஸ்கடை_காவேரி
பிப்ரவரி 5, காலை 7.30

கூடைக் கணக்கு புரிந்தது சார். அந்தப் பையன் சொன்ன 25 சதவீதம்? நானும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன், உண்மைதான். டிசைன் செய்யும் கோரல் டிராவில் சுற்றிக்கொண்டே நிற்கும், ‘நாட் ரெஸ்பாண்டிங்’ வரும். சிபியு மட்டும் 25, 26 என்று சும்மா இருக்கும்.


தொப்பூர்_மேடு
பிப்ரவரி 5, காலை 8.10

அது சும்மா இருப்பதல்ல. உங்கள் ஐ3யில் 2 கோர், 4 த்ரெட். விண்டோஸ் அதை நான்கு பேராக எண்ணுகிறது. நான்கு பேரில் ஒருவர் மூச்சு முட்ட உழைத்து, மூன்று பேர் கை கட்டி நின்றால் சராசரி எவ்வளவு? 25. அந்தப் பையன் சராசரியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியு. அந்த வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் கிராஃப் டு’, ‘லாஜிக்கல் பிராசஸர்ஸ்’. நான்கு கட்டம் வரும். விண்டோஸ் ஒரே வேலையை இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு கட்டம் மட்டும் நேராக நூறில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மொத்தம் 25ஐத் தாண்டாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒரே கோரில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்தில் மெமரி, டிஸ்க் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கோரல், போட்டோஷாப், வீடியோ என மூன்று வேலைக்கும் தனித்தனியாக.


பிளான்_தருமபுரி
பிப்ரவரி 5, காலை 10.20

கோர் பித்துப் பிடித்து நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன், எட்டுக்கோர் தம்பியும் படிக்கட்டும்.

வீட்டு பிளான் போடுவது என் தொழில். ஆட்டோகேட்தான் காலை முதல் இரவு வரை. இரண்டு வருடத்துக்கு முன் ஆன்லைனில் ஒரு செட் பார்த்தேன். பழைய சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் இ5-2680 வி4 பிராசஸர், புது போர்டில் போட்டது. 14 கோர், 28 த்ரெட்! விலையோ ஒரு ஐ3 விலை. கை சும்மா இருக்குமா?

வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 28 கட்டம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதோடு சந்தோஷம் முடிந்தது. பெரிய லேஅவுட் ஒன்றைத் திறந்து ஜூம் செய்தால் பழைய ஐ5ஐ விட மெதுவாக நகர்கிறது. 28 கட்டத்தில் ஒன்றில் மட்டும் மலை மாதிரி எழும்புகிறது, மற்றதெல்லாம் தரிசு நிலம். ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும், ஆட்டோடெஸ்க்கே அப்படித்தான் சொல்கிறது. என் ஜியானின் ஒரு கோர் எட்டிப் பிடித்தாலும் 3.3 ஜிகாஹெர்ட்ஸ்தான், அதுவும் 2016ஆம் ஆண்டுக் கோர். 120 வாட் சில்லு, மின்வெட்டு வந்தால் யுபிஎஸ் அலறிவிட்டு உடனே படுத்துவிடும். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை. விற்றவரைக் கேட்டால், ‘சார், கோர் எத்தனை என்று சொன்னேன், அது சரியாகத்தானே இருக்கிறது?’ என்கிறார். அதுவும் உண்மைதான், என்ன செய்வது.

இப்போது ஐ3-12100 வைத்திருக்கிறேன். 4 கோர். பிளான் வெண்ணெய் மாதிரி நகர்கிறது. ஜியானைத் தூக்கிப் போடவில்லை. மாதம் ஒரு தடவை எலிவேஷன் ரெண்டர் (வீட்டு முகப்பைப் படமாக்கும் வேலை) வரும், அதை இரவில் அதில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். அந்த வேலையில் 28 கட்டமும் நிரம்பும்.


எட்டுக்கோர்
பிப்ரவரி 5, மதியம் 1.05

பழைய ஜியானையும் புது ரைசனையும் ஒரே தட்டில் வைக்கலாமா அண்ணா? ரைசன் 5700எக்ஸில் 8 கோர் உண்டு, 4.6 வரை போகும். வேகமும் உண்டு, கோரும் உண்டு. பிறகு எதற்கு ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும்?


ஓசூர்_கம்பைலர்
பிப்ரவரி 5, மதியம் 1.40

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்று ஒரே தலைமுறைக்குள் 6 கோருக்கும் 8 கோருக்கும் ஒற்றைக் கோர் வேகத்தில் பெரிய இடைவெளி கிடையாது. 5600க்கு 4.4, 5700எக்ஸுக்கு 4.6. முன்பு மாதிரி ‘கோர் கூடினால் வேகம் குறையும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கேள்வி, அந்த இரண்டு கோருக்குக் கொடுக்கும் காசை வேறு எதில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதுதான்.

எனக்கு என்றால் 8, 12, 16 எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். சி++ புராஜெக்ட் கம்பைல் செய்கிறேன், அதாவது எழுதிய நிரலை ஓடும் சாஃப்ட்வேராக மாற்றும் வேலை. ஆயிரம் ஃபைல், ஒன்றுக்கொன்று காத்திருக்கத் தேவையில்லை. எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையும் ஆளுக்கொரு ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடும். ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ‘லிங்க்’ செய்யும்போது பெரும்பாலும் ஒரே ஆள்தான் நிற்பார். அந்த நேரத்தில் எழுந்து போய் டீ போட்டுக்கொள்வேன்.


மாங்கூழ்_கணக்கு
பிப்ரவரி 5, மாலை 6.25

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் நீங்கள் பேசுவதை ஒவ்வொரு சீசனிலும் கண்ணால் பார்க்கிறேன்.

பெங்களூரா காய் லோடு லோடாக வந்து இறங்கும். வெட்டுவதற்கு இருபது பேர் இருக்கும் இடத்தில் நாற்பது பேரைப் போட்டார் முதலாளி ஒரு வருடம். வெட்டி முடித்த பழம் மலை மாதிரி குவிந்தது. கூழ் எடுக்கும் பல்ப்பர் ஒன்றுதானே! அது குடிக்கிற அளவுதான் குடிக்கும். கூலி இரண்டு மடங்கு, டின் எண்ணிக்கை அதேதான். அந்த வாரக் கணக்கை எழுதும்போது எனக்கே வயிறு எரிந்தது.

என் கேள்வி ஒன்று. நாள் முழுக்க எக்செல், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர், பிரவுசர் மட்டும் ஓடும் எங்கள் ஆபீசுக்கு எத்தனை கோர் போதும்?


ஓசூர்_கம்பைலர்
பிப்ரவரி 5, மாலை 7.00

அக்கா, உங்கள் பல்ப்பர் கதைக்கு 1967இலேயே ஒருவர் கணக்கு எழுதி வைத்துவிட்டார், ஜீன் ஆம்டால் என்று பெயர். ஐபிஎம் 360 கம்ப்யூட்டர்களை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்.

ஒரு வேலை ஒற்றைக் கோரில் 10 நிமிடம் எடுக்கிறது என்று வையுங்கள். அதில் 6 நிமிட வேலையைப் பங்கு போடலாம், 4 நிமிட வேலையைப் பங்கு போட முடியாது. 2 கோர் போட்டால் 4 + 3, ஏழு நிமிடம். 6 கோர் போட்டால் 4 + 1, ஐந்து நிமிடம். 12 கோர்? நாலரை. ஆறு கோருக்குக் கூடுதல் காசு கொடுத்து அரை நிமிடம் வாங்கியிருக்கிறீர்கள். நூறு கோர் போட்டாலும் அந்த 4 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. ஆனால் கோர் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு வேகமானால் அந்த 4உம் 2 ஆகும், பல்ப்பரையே பெரிதாக்கிய மாதிரி.

உங்கள் ஆபீசுக்கு 4 கோர் ஐ3 தாராளம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.


எட்டுக்கோர்
பிப்ரவரி 5, மாலை 7.15

அப்படியானால் பல்ப்பரைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே! 8 ஜிகாஹெர்ட்ஸ் ஏன் வரவில்லை?


பழைய_பென்டியம்
பிப்ரவரி 5, இரவு 8.30

சூடு தம்பி, வேறென்ன. துடிப்பைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்ட வேண்டும், செலவாகும் மின்சாரமோ வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். முன்பெல்லாம் டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே வந்தபோது வோல்டேஜும் கூடவே இறங்கிக்கொண்டு வந்தது, அதனால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2005 வாக்கில் அது நின்றுவிட்டது. அதற்கு மேல் இறக்கினால் மின்சாரக் கசிவு. மேலே ஏறவும் முடியாது, கிடைக்கிற இடத்தைச் சும்மா விடவும் மனம் வராது. பக்கத்தில் இன்னொரு கோரைக் கட்டினார்கள். வீட்டுக்கு மேல் மாடி எழுப்ப அஸ்திவாரம் தாங்காதென்றால் பக்கத்தில் ஒரு போர்ஷன் இழுப்பதில்லையா, அப்படி.


பிளெக்ஸ்கடை_காவேரி
பிப்ரவரி 6, இரவு 10.50

தொப்பூர் சார் சொன்னபடி இன்று முழுக்க ஒரு நோட்டில் குறித்தேன்.

கோரல்: நிழலும் பவர்கிளிப்பும் நிறைய இருக்கிற ஒரு பத்திரிகை. சிபியு 25 முதல் 28க்குள், அசையவில்லை. டிஸ்க் 3. மெமரி பாதி. பதினெட்டு வினாடி தொங்கிவிட்டுத் திரும்பி வந்தது.

போட்டோஷாப்: 20க்கு 10 அடி பேனர், 72 டிபிஐ (இஞ்சுக்கு 72 புள்ளி). சிபியு 15. மெமரி 7.6. டிஸ்க் 100, இறங்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கும் சத்தம்.

பிரீமியர்: தம்பி புதுக் கேமராவில் எடுத்த 4கே. நான்கு கட்டமும் நூறு. காளை ஓடவில்லை, தாவித் தாவி வருகிறது. பழைய கேமராவின் 1080 ஃபைலைப் போட்டால் சிபியு 40தான், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இது ஏன் என்றுதான் புரியவில்லை.


தொப்பூர்_மேடு
பிப்ரவரி 7, காலை 6.45

அருமையான நோட்டு. உங்களுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று.

கோரல், ஒற்றைக் கோர் நோய். இதற்கு 8 கோர் ரைசனும் ஒன்றுதான், 4 கோர் ஐ3-12100உம் ஒன்றுதான். ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பது மட்டுமே மருந்து.

போட்டோஷாப்புக்கும் பிராசஸருக்கும் சம்பந்தமே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடி என்றால் 240 இஞ்ச், 72ஆல் பெருக்கினால் 17,280 பிக்சல். 10 அடிக்கு 8,640. இரண்டையும் பெருக்கினால் சுமார் 15 கோடி பிக்சல். சிஎம்ஒய்கே என்ற நான்கு மைக் கலர் என்பதால் பிக்சலுக்கு 4 பைட். ஒரு லேயருக்கே 600 எம்பி பக்கம் வருகிறது. நீங்கள் தலைவர் படம், வட்டச் செயலாளர் படம், பூமாலை, தோரணம் என்று பத்து லேயர் போடுவீர்கள். 8 ஜிபி எப்படித் தாங்கும்? மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. 16 கோர் வாங்கிப் போட்டாலும் பதினாறும் சேர்ந்து அந்த டிஸ்க்குக்காகத்தான் காத்திருக்கும்.

மூன்றாவதுதான் சுவாரசியம். அந்த 4கே ஃபைலின் விவரம் பார்த்துச் சொல்லுங்கள். எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (கலர் விவரத்தைக் கூடுதலாக வைக்கும் வகை) என்று இருக்கிறதா?


பிளெக்ஸ்கடை_காவேரி
பிப்ரவரி 7, காலை 9.15

தம்பியைக் கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது. ‘கலர் நன்றாக வரும் என்று யூடியூபில் சொன்னார்கள்’ என்கிறான்.


தொப்பூர்_மேடு
பிப்ரவரி 7, காலை 9.40

கலர் நன்றாகத்தான் வரும். ஆனால் அந்த வகை ஃபைலைப் பிரித்துக் காட்டுவதற்கென்று தனி வன்பொருள் வேண்டும். உங்கள் 4150க்கு எச்.265 என்பதே முழுதாகத் தெரியாது, அதனால் இரண்டு கோரும் கையால் பிரிக்கின்றன. 1080 ஃபைல் எச்.264 ஆக இருக்கும், அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் வழுக்கியது.

இன்டெல்லில் 11ஆம் தலைமுறை முதல் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் 10 பிட் 4:2:2 எச்.265ஐ நேரடியாகப் பிரிக்கும், பிரீமியரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். 12400க்கு அது உண்டு. எட்டுக்கோர் தம்பி சொன்ன 5700எக்ஸுக்கு உள்ளே கிராபிக்ஸே கிடையாது. கிராபிக்ஸ் உள்ள 5700ஜிக்கும் 4:2:2 தெரியாது. என்விடியா கார்டுகளிலும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. அங்கே 8 கோரும் கையால் பிரிக்கும். முடிக்கும், ஆனால் வியர்த்துக்கொண்டு.

ஆகவே ஐ5-12400. பின்னால் எஃப் என்ற எழுத்து இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு ஆயிரம் குறைவு என்று 12400எஃப் தள்ளிவிடுவார்கள். கோர், ஜிகாஹெர்ட்ஸ், கேஷ் எல்லாம் ஒன்றே. கிராபிக்ஸ் மட்டும் இருக்காது. உங்களுக்கு வேண்டியதே அதுதான்.

மிச்சக் காசை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடுங்கள். ரேம் விலை ஏறிக் கிடப்பது தெரியும், ஆனாலும் 32 ஜிபி. உங்கள் பழைய ரேம் டிடிஆர்3, புது போர்டில் ஏறாது. ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 16 வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமிலிருந்துதான் சாப்பிடுகிறது, இரண்டு பக்கமும் ஊட்டினால்தான் அதற்கு வயிறு நிறையும்.


எட்டுக்கோர்
பிப்ரவரி 7, காலை 10.30

ஐ5-14400க்கு 10 கோர் என்று போட்டிருக்கிறதே, அதையாவது எடுக்கலாமா?


ஓசூர்_கம்பைலர்
பிப்ரவரி 7, காலை 10.55

விடமாட்டாய் போல! அந்தப் பத்தில் 6 பெரிய கோர், 4 சின்ன கோர். எருது விடும் விழாவில் ஓடும் காளை ஆறு, கூடவே கன்றுக்குட்டி நான்கு. எக்ஸ்போர்ட், ரெண்டர் மாதிரி வேலையில் கன்றுகளும் உதவும். கோரலில் உதவாது. நல்ல சில்லுதான், விலை இடைவெளி சின்னதாக இருந்தால் எடுக்கலாம். ரேமைக் குறைத்துக்கொண்டு இதை எடுப்பது மட்டும் வேண்டாம்.

கேம் விளையாடும் உனக்கு ஒரு வேடிக்கை. 5800எக்ஸ்3டி என்று 2022இல் வந்தது. அதே 8 கோர், 5800எக்ஸை விட வேகம் குறைவு, 4.7க்குப் பதில் 4.5. ஆனால் 96 எம்பி கேஷ். பெரும்பாலான கேம்களில் முந்துவது இதுதான். கோரும் கூடவில்லை, ஜிகாஹெர்ட்ஸும் குறைந்தது. இதை உன் கணக்கில் எங்கே எழுதுவாய்?


பிளான்_தருமபுரி
பிப்ரவரி 7, மதியம் 12.10

காசு செலவழிக்கும் முன் ஒரு தடவை பிரீமியரில் பிராக்ஸி போட்டுப் பாருங்கள். 4கே ஃபைலுக்குச் சின்ன நகல் எடுத்துக்கொண்டு அதில் வெட்டி ஒட்டுவது. சீசன் முடியும் வரை அதிலேயே ஓட்டலாம். பழைய ஐ7-4790 கிடைத்தால் அதே போர்டில் போடலாமே என்று சொல்ல வந்தேன். 4:2:2 கதையைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன், அதுவும் ஹாஸ்வெல்தான்.


பிளெக்ஸ்கடை_காவேரி
பிப்ரவரி 15, இரவு 9.20

வாங்கிவிட்டேன். பிராக்ஸி போட்டு ஒரு வாரம் சமாளித்தேன், அதற்குப் பிளான் அண்ணாவுக்கு நன்றி.

நேற்று காலை முதல் பஸ்ஸில் பெங்களூரு. கடையில் பில் போட்டு, பெட்டியைப் பையில் வைக்கும்போதுதான் பார்த்தேன். ஐ5-12400, அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எஃப். ‘எல்லாம் ஒண்ணுதான் சார், ஒரு கார்டு போட்டுக்கலாம்’ என்றார். இந்த இழையைப் படிக்காமல் போயிருந்தால் தலையாட்டியிருப்பேன். பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கடை தள்ளிப் போய் எஃப் இல்லாததை வாங்கினேன். 32 ஜிபி ரேம் எடுத்ததில் பட்ஜெட் உடைந்தது. எஸ்எஸ்டி 500 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன்.

அதே மூன்று வேலையும் திரும்பச் செய்தேன். கோரல் பதினெட்டு வினாடி தொங்கியது இப்போது ஆறு. போகவில்லை, குறைந்திருக்கிறது. சிபியு 9 சதவீதம் என்று காட்டுகிறது, நல்ல வேளை இப்போது அதற்கு அர்த்தம் தெரியும். 12 கட்டத்தில் ஒன்று. போட்டோஷாப்பில் டிஸ்க் சத்தமே இல்லை, மெமரி 19 வரை போனது. பிரீமியரில் காளை நிஜமாகவே ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம் ‘வீடியோ டிகோட்’ என்று ஒரு கோடு 50, 60இல் நிற்கிறது. சிபியு 20ஐத் தொடவில்லை.


எட்டுக்கோர்
பிப்ரவரி 15, இரவு 9.35

வாழ்த்துக்கள் அண்ணா. ஆனாலும் எக்ஸ்போர்ட் செய்யும்போது என்னை நினைப்பீர்கள்.


பிளெக்ஸ்கடை_காவேரி
ஏப்ரல் 19, மாலை 4.10

இழையைத் திரும்பத் தூக்குவதற்கு மன்னிக்கவும். பழுதா என்று கேட்கத்தான். பிப்ரவரியில் ஒரு மணி நேரக் கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஆக எடுத்த நேரத்தை விட இப்போது கூடுதலாக ஆகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஜிகாஹெர்ட்ஸ் 4.0இல் தொடங்கி 3.1க்கு வந்துவிடுகிறது. இரவில் செய்தால் 3.6 பக்கம் நிற்கிறது. கடை சிமென்ட் ஷீட் போட்டது.


தொப்பூர்_மேடு
ஏப்ரல் 19, மாலை 5.00

பாதி பழுதே இல்லை. முதல் அரை நிமிடம் 117 வாட் வரை எடுத்துக்கொண்டு பறக்கும், அதற்கு அப்புறம் போர்டு 65 வாட்டுக்கு இறக்கிவிடும். இரவில் 3.6இல் நிற்பது அதனால். மதியம் 3.1க்கு வருவது உங்கள் ஷீட்டின் வேலை. சூடு 100 டிகிரியைத் தொட்டால் சில்லே தன்னைக் குறைத்துக்கொள்ளும். கேபினெட் எங்கே இருக்கிறது? பின்பக்கம் சுவரை ஒட்டியா?


பிளெக்ஸ்கடை_காவேரி
ஏப்ரல் 19, மாலை 6.30

சுவரை ஒட்டி, மேலே பிளெக்ஸ் ரோல் மூன்று சாத்தி வைத்திருந்தேன். இப்போது இழுத்து வெளியே வைத்து, பக்கக் கதவைக் கழற்றித் தூசி தட்டினேன். ஒரு கைப்பிடி நூல் வந்தது. 96இல் நின்றது 84க்கு இறங்கியிருக்கிறது. 3.5 வருகிறது.


மாங்கூழ்_கணக்கு
ஏப்ரல் 19, இரவு 8.15

தம்பி, அந்தப் பழைய ஐ3 கடையில் சும்மா கிடக்கிறதா? பையன் டைப்பிங் கிளாசுக்குப் போகிறான், வீட்டில் ஒன்று இருந்தால் நல்லது. ரேம் 8 ஜிபி அப்படியே இருக்கிறதல்லவா?


பிளெக்ஸ்கடை_காவேரி
ஏப்ரல் 19, இரவு 8.20

இருக்கிறது அக்கா. ஹார்ட் டிஸ்க் மட்டும் கரகரக்கும், அதைக் கழற்றிவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அக்கா, லேசாக நினைக்காதீர்கள்!